வேண்டுமென்றே எழுதிய தப்பு வரி

நீங்கள் கணினியில் ஒரு கட்டளையைத் தட்டுகிறீர்கள். வேண்டிய லைப்ரரிகள், பிறர் முன்பே எழுதிவைத்த நிரல் துண்டுகள், எல்லாம் எங்கிருந்தோ இறங்கி வந்து அதனதன் இடத்தில் உட்கார்ந்துகொள்கின்றன. போன மாதம் நான் உங்கள் ஆபீசுக்கு வந்தபோது பார்த்தேன். பொறாமையாக இல்லை என்று சொன்னால் பொய். உங்களில் ஒருவர், "மிஸ், உங்க காலத்துல இதெல்லாம் எப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டார். "கஷ்டப்பட்டுத்தான்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அது ஒரு பதிலே இல்லை என்று உறைத்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அறிவுரை எல்லாம் வேண்டாம். நான் அறிவுரை சொல்லத் தொடங்கினால் எனக்கே கொட்டாவி வரும். ஒரு டீச்சரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் போட மாட்டேன். போட்டால் போனில் கூப்பிட்டுத் திட்டுவார்.

அப்போது நாங்கள் மூன்று பேர், பதுளை பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட ஒரு கடையின் மேல்மாடியில் இருந்தோம். கொழும்பில் கம்பெனிகள் கழித்துக்கட்டிய கணினிகள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடங்களுக்கு அன்பளிப்பாக வரும். அவற்றை எழுப்பி உட்கார வைப்பது எங்கள் பாடு. மென்பொருள் விலை கொடுத்து வாங்க யாருக்கும் வழியில்லை. உலகத்தில் யார் யாரோ இலவசமாகத் திறந்து வைத்த மூலநிரல்களை எடுத்து, விண்டோஸில் ஓடும்படி நாங்களே கம்பைல் செய்து, அதாவது கணினிக்கு விளங்கும் வடிவத்துக்குக் கட்டிக் கொடுப்போம். அவற்றை எழுதியவர்களில் பாதிப் பேர் விண்டோஸை நினைத்து எழுதவில்லை. ஒன்றைக் கட்ட இன்னொரு லைப்ரரி வேண்டும், அதைக் கட்ட மூன்றாவது ஒன்று வேண்டும். போன் லைனில் வரும் இன்டர்நெட்டில் அதையெல்லாம் இறக்கி, சீடியில் எழுதி, பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவோம். சனங்கள் என்னைப் பார்த்து நோட்டுப் புத்தகம் விற்கிறவள் என்று நினைத்தார்கள். நானும் திருத்தவில்லை.

டீச்சர் ஒரு நாள் அந்த மேல்மாடிக்குப் படியேறி வந்தார். பசறைக்கு மேலே ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் ஆண்டுக்கு, புலமைப்பரிசில் பரீட்சை எழுதும் வகுப்புக்கு, படிப்பிப்பவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்து, காலால் படியைத் தடவித் தடவி வந்ததைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. கண்ணில் அழுத்தம் கூடி, கவனிக்காமல் விட்டு, பார்வை மெல்ல மெல்லக் குறைந்துபோயிருந்தது. வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரியும் என்றார். அதை ஏதோ மழை வருகிறது என்பது போலச் சொன்னார்.

"தங்கச்சி, கம்ப்யூட்டர் வாசிச்சுக் காட்டுமாமே. தமிழ்லயும் வாசிக்குமா?"

"வாசிக்கும் டீச்சர். கொஞ்சம் மூக்கடைச்ச மாதிரி வாசிக்கும்."

"மூக்கடைச்சா என்ன. எங்க பள்ளிக்கூடத்துப் பழைய அதிபருக்கும் மூக்கடைப்புத்தான். அவர்கிட்ட நாங்க வேலை செய்யலியா?"

விஷயம் இதுதான். கண் தெரியாதவர் வகுப்பெடுக்க முடியாது, மருத்துவக் காரணத்தில் ஓய்வு கொடுத்துவிடலாம் என்று மேலே பேச்சு வந்திருந்தது. அதற்கு முன் ஒரு தடவை நேரில் பார்த்து முடிவு செய்யலாம் என்று கல்வி அலுவலகத்து அதிகாரி ஒருவர் சம்மதித்திருந்தார். அவர் ஒரு நாள் வருவார். அன்று காலை அவரே ஒரு பாடத்தைத் தேர்ந்தெடுப்பார். அதை வேறொரு ஆசிரியர் கணினியில் தட்டிக் கொடுப்பார். டீச்சர் அதைக் காதில் கேட்டுவிட்டு, அதிகாரி பார்த்துக்கொண்டிருக்க வகுப்பெடுக்க வேண்டும். முடிந்தால் வேலை. முடியாவிட்டால் வீடு.

"பென்சன் வரும். சாப்பாட்டுக்குக் குறைவில்ல" என்றார் டீச்சர். "ஆனா வீட்டுல சும்மா உக்காந்தா நான் செத்துருவேன் தங்கச்சி. சத்தியமாத்தான் சொல்றேன்." அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கியது.

தமிழ் வாசிக்கும் ஒரு நிரல் மூலநிரலாகக் கிடைத்தது. அதற்குக் கீழே ஒலியை வெளியே அனுப்பும் ஒரு லைப்ரரி. முதலில் லைப்ரரியைக் கட்ட வேண்டும், பிறகு அதன்மேல் நிரலைக் கட்ட வேண்டும். பதுளையில் எங்கள் கணினியில் இரண்டையும் கட்டினேன். அழகாக வாசித்தது. சீடியில் எழுதிக்கொண்டு பசறைக்குப் போய், அங்கிருந்து தோட்டத்து வேனில் ஏறி, பள்ளிக்கூடத்துக் கணினியில் போட்டேன். திறந்த உடனே செத்துவிட்டது. எங்கள் கணினி புதியது. என் கம்பைலரும் புதிய வகைக்கென்றே கட்டிக்கொடுத்திருந்தது. பள்ளிக்கூடத்துக் கிழட்டுப் பெட்டிக்கு அந்தக் கட்டளைகளே தெரியாது. டீச்சர் பக்கத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு காத்திருந்தார். "இன்னும் பேச ஆரம்பிக்கலியா?" என்று கேட்டார்.

பதுளையிலேயே பழைய வகைக்குக் கட்டிக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் ஒரு தடவை பஸ் ஏறிப் போய் ஏமாந்தவள் நான். அதிகாரி வரும் நாள் நெருங்கிவிட்டது. மறுபடியும் ஏமாற நேரமில்லை. ஓடப்போகும் பெட்டியிலேயே வைத்துக் கட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். கம்பைலர், கருவிகள், மூலநிரல் எல்லாவற்றையும் சீடியில் அடைத்துக்கொண்டு, அதிகாரி வருவதற்கு முந்தின நாள் முதல் பஸ்ஸில் கிளம்பினேன். அதுவரைக்கும் முடிவு சரிதான்.

அந்தப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கணினிக்குள்ளே பொத்தான் மாதிரி ஒரு சின்ன பேட்டரி இருக்கும். மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரம் ஓடுவது அதனால்தான். இந்தப் பெட்டியில் அது எப்போதோ செத்துப்போயிருந்தது. சுவிட்சைப் போட்டால் கறுப்புத் திரையில் ஏதோ இரண்டு வரி ஆங்கிலத்தில் வரும். F1 ஐ அழுத்தினால் போய்விடும். திரையின் மூலையில் "முதலில் F1" என்று யாரோ காகிதம் ஒட்டியிருந்தார்கள். அந்த இரண்டு வரி என்ன சொல்கிறது என்று பள்ளிக்கூடத்தில் யாரும் வாசித்ததில்லை. அது சொன்னது, எனக்கு நேரம் மறந்துபோச்சு என்பதைத்தான். F1 ஐ அழுத்தியதும் அந்தப் பெட்டி பல வருடங்களுக்கு முந்திய ஒரு ஜனவரி முதலாம் திகதிக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். பாடசாலை வேலைக்கு அதனால் ஒரு கேடும் இல்லை. அதனால் யாரும் கண்டுகொள்ளவில்லை.

எனக்கு அது தெரியும். காலையில் போனதும் முதல் வேலையாகத் திகதியைத் திருத்தினேன். ஏன் என்றால் கட்டும் வேலை நேரத்தை நம்பித்தான் நடக்கிறது. மேக் என்ற கருவி என்ன செய்கிறது? மூலக்கோப்பு எப்போது மாறியது, அதிலிருந்து கட்டிய கோப்பு எப்போது உருவானது என்று இரண்டு நேரத்தையும் பார்க்கும். மூலம் புதிதாக மாறியிருந்தால் மறுபடி கட்டும். கட்டியதுதான் புதியது என்றால், இதில் வேலை இல்லை என்று தொடாமல் விட்டுவிடும். கோப்புக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. நேரம் மட்டும்தான்.

உச்சி நேரத்துக்குள் இரண்டையும் கட்டி முடித்தேன். இந்தத் தடவை நிரல் சாகவில்லை, பேசியது. ஆனால் திக்கியது. "பா... பாட... சாலை" என்று ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் அறுந்து அறுந்து வந்தது. டீச்சர் ஹெட்போனைக் கழற்றி, "இவருக்கு மூக்கடைப்பு மட்டுமில்ல, திக்குவாயும் இருக்கு போல" என்றார். பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடத்து அதிபர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காரணம் ஓரளவு விளங்கியது. பெட்டி மெதுவானது. ஒலியைக் கொஞ்சம் முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொண்டால்தான் தடையில்லாமல் அனுப்ப முடியும். எவ்வளவு சேர்ப்பது என்பது அந்த ஒலி லைப்ரரியில் ஒரு கோப்பில் ஒரு எண். அதைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று நினைத்து உட்காரும்போது கரண்ட் போனது. மேலே எங்கோ மரம் விழுந்துவிட்டதாம். ஒரு பிளேன்டீ குடித்தோம், இன்னொன்றும் குடித்தோம், அப்புறம்தான் கரண்ட் வந்தது.

சுவிட்சைப் போட்டேன். கறுப்புத் திரை வந்தது. F1 ஐ அழுத்தினேன். காலையில் திகதியைத் திருத்திய அதே நான், இப்போது அந்தக் காகிதம் சொன்னதை மட்டும் செய்தேன். மனசு முழுக்க அந்த எண்ணில் இருந்தது.

எண்ணை இரண்டு மடங்காக்கினேன். கட்டும் வேலைக்கு ஒரு சின்ன கட்டளைக் கோப்பு எழுதி வைத்திருந்தேன். திரையில் ஆங்கில வரிகள் ஓடுவதைப் பார்த்தால் பள்ளிக்கூடத்தில் பயப்படுகிறார்கள் என்று, வரும் செய்திகளை எல்லாம் மறைத்து, முடிவில் "முடிந்தது" என்று மட்டும் காட்டும்படி செய்திருந்தேன். அதை ஓடவிட்டேன். "முடிந்தது" என்றது. டீச்சர் ஹெட்போனை மாட்டினார். திக்கியது, முன்பு திக்கியது போலவே.

எண்ணை நாலு மடங்காக்கினேன். திக்கல். எட்டு மடங்காக்கினேன். அதே திக்கல். அப்படியானால் காரணம் அந்த எண் இல்லை என்று நினைத்து அதைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய் வைத்துவிட்டு, வேறொரு கோப்பில் கைவைத்தேன். அதுவும் சரிவரவில்லை. அதையும் திருப்பி வைத்தேன். வெயில் சாய்ந்துவிட்டது. எனக்குள் ஒரு எரிச்சல் ஏறிக்கொண்டே வந்தது. நான் எரிச்சலில் இருந்தால் விசைப்பலகை பேசும் என்று ஆபீசில் கேலி செய்வார்கள். அன்று அது கத்தியிருக்கும்.

அதிபர் மெதுவாக வந்து, "மிஸ், நான் வேணும்னா போன் பண்ணிச் சொல்லவா? ரோட்டுல மரம் விழுந்துருச்சு, அடுத்த வாரம் வாங்கன்னு?" என்று கேட்டார். நல்ல மனிதர், உதவத்தான் கேட்டார்.

"வேணாங்க சார்" என்றார் டீச்சர். "ஒருக்கா தள்ளிப் போட்டா, இந்தம்மாவுக்கு முடியலன்னுதான் நினைப்பாங்க. நாளைக்கே வரட்டும். திக்கினாலும் நான் சமாளிச்சுக்கிறேன்."

திக்குவதை வைத்துக்கொண்டு சமாளிக்க முடியாது. நான் கேட்டுப் பார்த்துவிட்டேன். பாதிச் சொல் விளங்கவில்லை. டீச்சருக்கும் அது தெரியும்.

அப்புறம் டீச்சர் சொன்னார்: "தங்கச்சி, நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்க ஏதோ மாத்துறீங்க, தட்டுறீங்க, அது முடிஞ்சதுங்குது. ஆனா ஒரு தடவைகூட திக்கல் கொஞ்சம் கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. நீங்க கெட்டதா மாத்தியிருந்தாக்கூட அது வேற மாதிரியில்ல கெட்டிருக்கணும்?"

நான் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தேன்.

"என் வகுப்புல சில நாள் இப்படி ஆகும். நான் என்ன சொன்னாலும் சரி டீச்சர், சரி டீச்சர்னு சொல்லும்ங்க. அப்ப நான் போர்டுல வேணும்னே ஒரு தப்புக் கணக்கு எழுதுவேன். யாராவது 'இல்ல டீச்சர்'னு சொன்னா கேக்குறாங்கன்னு அர்த்தம். அப்பவும் சரி டீச்சர்னு சொன்னா, அன்னைக்குப் பாடம் எடுத்துப் பிரயோசனமே இல்ல. ஜன்னலத் திறந்துவிட்டு ரெண்டு நிமிசம் நிக்கச் சொல்லிருவேன்."

அவர் ஏதோ பேச்சுக்குத்தான் சொன்னார். எனக்கு முதுகில் தண்ணீர் ஊற்றியது மாதிரி இருந்தது. கோப்பைத் திறந்தேன். அந்த எண் இருந்த வரிக்கு மேலே, எந்தக் கம்பைலரும் ஏற்றுக்கொள்ளாத ஒரு வரியை எழுதினேன். கையில் வந்ததைத் தட்டினேன், சும்மா குப்பை. சேமித்துவிட்டு ஓடவிட்டேன்.

"முடிந்தது" என்றது.

இவ்வளவு நேரமும் அது என் பேச்சைக் கேட்கவே இல்லை. நான் மாற்றியது எதுவும் உள்ளே போய்ச் சேரவில்லை. திரையின் மூலையில் திகதியைப் பார்த்தேன். அந்தப் பழைய ஜனவரி ஒன்று. நான் பிற்பகல் திருத்திய கோப்பெல்லாம் பல வருடங்களுக்கு முன் திருத்தியதாகப் பதிந்திருந்தது. காலையில் கட்டியதோ இந்த வருடத்தது. மேக் நேரத்தைப் பார்த்து, மூலம் பழையது, கட்டியது புதியது, எனக்கு வேலை இல்லை என்று ஒவ்வொரு தடவையும் கையைக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அது பாவம், கடிகாரம் சரியில்லை என்று ஒரு எச்சரிக்கையும் காட்டியிருக்கிறது. யாரும் பயந்துவிடக் கூடாது என்று அதன் வாயைக் கட்டியவள் நான்தான்.

இதில் எனக்கு இன்றைக்கும் உறுத்துவது திகதி அல்ல. அந்த எண்ணை இரண்டு மடங்காக்கினேனே, அதுதான் சரியான விடை. முதல் தடவையிலேயே சரியான விடையைக் கண்டுபிடித்து, பிழை என்று நானே தூக்கி எறிந்துவிட்டு, மிச்சப் பொழுதெல்லாம் பிழையான விடைகளைத் தேடிக்கொண்டிருந்தேன். நம் தொழிலில் விடை தெரியாமல் கெட்டவர்களைவிட இப்படிக் கெட்டவர்கள்தான் அதிகம் என்பது என் எண்ணம்.

சரி, காரணம் தெரிந்துவிட்டது. இப்போது என்ன செய்வது? எல்லாவற்றையும் அழித்துவிட்டு, திகதியைத் திருத்தி, அடியிலிருந்து கட்ட வேண்டும். அந்தப் பெட்டியில் அது ஒரு முழுப் படம் பார்த்து முடிக்கும் நேரம். இடையில் கரண்ட் போனால் திக்குவதுகூட இருக்காது, ஒன்றுமே இருக்காது. பதுளைக்குக் கடைசி பஸ் போகும் நேரமும் அதுதான். கை "அழி" என்ற கட்டளைக்குப் போய்விட்டது. நிறுத்திக்கொண்டேன். முதலில் திக்கும் அந்த நிரலை அப்படியே வேறொரு இடத்தில் நகலெடுத்து வைத்தேன். அது ஓடுகிறதா என்று திறந்தும் பார்த்தேன். கெட்டுப்போனது என்றாலும் கையில் இருப்பது அது ஒன்றுதானே. அதற்குப் பிறகுதான் அழித்தேன்.

திகதியைத் திருத்தினேன். செய்திகளை மறைக்கும் வரியை எடுத்தேன். அந்தக் குப்பை வரியை மட்டும் எடுக்கவில்லை.

"டீச்சர், கொஞ்சம் நேரம் எடுக்கும்" என்றேன்.

"பஸ்ஸை விடுங்க. என் குவாட்டஸ்ல படுத்துக்கலாம். மீன் டின் ஒண்ணு இருக்கு" என்றார்.

வரிகள் ஓடின. ஓடி, அந்தக் கோப்புக்கு வந்ததும் நின்றது. இந்த வரியில் என்ன எழுதியிருக்கிறாய், எனக்கு விளங்கவில்லை என்று திரை முழுக்கப் புலம்பியது. ஒரு பிழைச் செய்தியைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அன்றைக்கு மட்டும்தான்.

"என்ன தங்கச்சி, சிரிக்கிறீங்க?"

"இல்லன்னு சொல்லுது டீச்சர். இப்பதான் கேக்குது."

குப்பை வரியை நீக்கினேன். எண்ணை இரண்டு மடங்காக்கினேன். தொடர்ந்து கட்டினேன். கரண்ட் போகவில்லை. விளக்குப் போடும் நேரத்துக்கு வேலை முடிந்தது. டீச்சர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. முழுப் பக்கத்தையும் கேட்டு முடித்துவிட்டு, "மூக்கடைப்பு மட்டும்தான்" என்றார். பிறகு என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் விடவில்லை.

மறுநாள் அதிகாரி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், பதுளையில் பல வருடம் வேலை பார்த்தவர், அளந்து பேசுகிறவர். உட்காருவதற்கு முன்பே சொன்னார்: "டீச்சர், நான் உங்களுக்கு எதிரா வரேல்லை. ஆனா பிள்ளையளின்ர படிப்பு எண்டு ஒண்டு இருக்கு. அஞ்சாம் ஆண்டு விளையாட்டில்லை."

"அதத்தான் சார் நானும் சொல்றேன்" என்றார் டீச்சர்.

அவர் தேர்ந்தெடுத்தது பெருக்கல் கணக்குப் பாடம். தட்டிக் கொடுத்தார்கள். டீச்சர் ஒரு மூலையில் உட்கார்ந்து ஹெட்போனில் இரண்டு தடவை கேட்டார். நான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். திக்கவில்லை. அவர் எழுந்து, மேசையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு வகுப்புக்கு முன்னால் போய் நின்றார். அதிகாரியும் அதிபரும் பின்வரிசை வாங்கில் உட்கார்ந்தார்கள்.

பாடம் நன்றாகத்தான் போனது. தேயிலைக் கொழுந்து, நிறுவை, ஆளுக்கு இத்தனை கிலோ என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்த விஷயம். ஆனால் பிள்ளைகள் விறைத்துப்போய் இருந்தார்கள். பின்னால் பெரிய ஆள் உட்கார்ந்திருக்கிறார். டீச்சர் எதைச் சொன்னாலும் "சரி டீச்சர்" என்று ஒரே குரலில் வந்தது. டீச்சர் ஒரு கணம் நின்றார்.

"எட்டுப் பேர் கொழுந்து எடுக்குறாங்க. ஆளுக்கு ஏழு கிலோ. மொத்தம் அம்பத்தி நாலு கிலோ. சரியா?"

யாரும் வாயைத் திறக்கவில்லை. அதிகாரி அதிபரின் பக்கம் தலையைத் திருப்பினார். டீச்சருக்குப் பதற்றத்தில் கணக்குப் பிசகிவிட்டது என்று அவர் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது. எனக்குத் தெரியும், அது பிசகு இல்லை என்று. ஆனால் எனக்குத் தெரிந்து என்ன பிரயோசனம்? பிள்ளைகள் பயத்தில் "சரி டீச்சர்" என்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது. நான் வாயைத் திறந்து சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். டீச்சர் அவசரப்படவே இல்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து, கேட்டபடி நின்றார்.

"அம்பத்தி நாலு" என்றார் மறுபடியும். "எழுதிக்கங்க."

நடுவரிசையிலிருந்து ஒரு பெண்பிள்ளையின் குரல், கேட்டும் கேட்காமலும்: "இல்ல டீச்சர்."

அதன் பிறகு வகுப்பே சேர்ந்துகொண்டது. "இல்ல டீச்சர், அம்பத்தாறு, அம்பத்தாறு" என்று கூரை அதிர்ந்தது. டீச்சர் முதல் குரல் வந்த திசைக்கு நேராக முகத்தைத் திருப்பி, அந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லி எழுப்பினார். "எப்படி அம்பத்தாறு? வந்து போர்டுல போட்டுக் காட்டும்மா." பிள்ளை போட்டுக் காட்டியது. பக்கத்துப் பிள்ளை, டீச்சருக்குக் கேட்கும்படி, அது எழுதுவதைச் சத்தமாகச் சொன்னது. அவர்களுக்கு அது பழக்கம் என்று அப்போதுதான் கவனித்தேன். மிச்சப் பாடம் முழுக்க அந்த வகுப்பில் விறைப்பு இல்லை.

பாடம் முடிந்ததும் அதிகாரி முன்னால் வந்தார். "டீச்சர், அது தெரிஞ்சு விட்ட பிழைதானே?"

"ஆமாங்க சார். பிள்ளைங்க கேக்குதான்னு மூஞ்சியப் பாத்து இப்ப என்னால கண்டுபிடிக்க முடியாது. இப்படித்தான் பாக்குறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் பத்து வருசம் படிப்பிச்சனான்" என்றார். "எனக்கு ரெண்டு கண்ணும் நல்லாத் தெரியும். ஆனா நான் இப்பிடி ஒருக்காலும் பாக்கேல்லை." கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "நீங்கள் தொடர்ந்து படிப்பியுங்கோ" என்றார். அதிபர் எழுந்து போய் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அழுதேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

டீச்சர் தன் ஓய்வு வயது வரை அந்த வகுப்பிலேயே இருந்தார். அந்தப் பெட்டிக்கு நான் அடுத்த தடவை போனபோது ஒரு புது பேட்டரி போட்டேன். "முதலில் F1" காகிதத்தையும் கிழித்துவிட்டேன். ஒரு பேட்டரிக்கு இவ்வளவு பாடா என்று நீங்கள் நினைக்கலாம். நினையுங்கள்.

அதற்குப் பிறகு எத்தனையோ லைப்ரரிகளைக் கட்டினேன். கருவிகள் மாறின, விண்டோஸ் மாறியது, என் கண்ணாடியின் பவர்கூட மாறியது. ஒன்றை மட்டும் விடவில்லை. புதிய இடத்தில் முதல் தடவை கட்டும்போது மூலக்கோப்பில் ஒரு குப்பை வரி எழுதுவேன். கம்பைலர் அதை எடுத்து என் முகத்தில் எறிந்த பிறகுதான் மற்ற வேலை. ஆபீசில் இதைப் பார்த்து, மிஸ்ஸுக்கு வயசாகுது என்று சிரித்தவர்கள் உண்டு. உங்களில் ஒருவரும் போன மாதம் சிரித்தார். யார் என்று எனக்குத் தெரியும்.

நாளைக்கு உங்கள் திரையிலும் "முடிந்தது" என்று வரும். மேலே இருப்பவர்கள் அவசரப்படுத்துவார்கள், நீங்களும் வீட்டுக்குப் போக அவசரப்படுவீர்கள். அப்போது டீச்சர் அந்த வகுப்புக்கு முன்னால் நின்ற மாதிரி கொஞ்சம் நில்லுங்கள். ஒரு தப்பைச் சொல்லிவிட்டு, "இல்ல" என்று ஒரு குரல் வருகிறதா என்று கேளுங்கள். வரவில்லையென்றால் ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.